சைதாப்பேட்டைப் பண்ணை கற்பித்த பாடம்

புதிய விதை என்றதும் நம் குடியானவர்கள் தயங்குவது இயல்பு. ஒரு போகம் பொய்த்தால் கடன் ஏறும் என்னும் அச்சம் நியாயமானதே. ஆகவே, விஞ்ஞான விவசாயம் நம் பகுதியில் வளர்ந்த வரலாற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

அக்காலச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சைதாப்பேட்டையில், 1865ஆம் ஆண்டில், ஆங்கில அரசாங்கம் ஒரு பரீட்சைப் பண்ணையை நிறுவியது. கவர்னர் சர் வில்லியம் டெனிசன் அதற்கு ஊக்கமளித்தார். சீமையிலிருந்து நீராவிக் கலப்பைகளும் கனத்த இரும்புக் கருவிகளும் தருவிக்கப்பட்டன. நம் மாடுகளின் வலிவுக்கும், சிறு வயல்களுக்கும், குடியானவரின் கைப்பொருளுக்கும் அவை ஒத்துவரவில்லை.

அப்பண்ணையில் தோன்றிய விவசாயப் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. அதன் வழிவந்ததே இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். கோவையில் 1912இல் நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே ஆராய்ச்சியாளர் நம் நாட்டு நெல் ரகங்களையே எடுத்துக்கொண்டனர். சிறந்த பயிரைப் பொறுக்கித் தனியே விதைத்து, பிறவற்றுடன் ஒப்பிட்டனர். கோனாமணி என்னும் நெல்லில் வேறுபட்டுத் தோன்றிய பயிரிலிருந்து கிடைத்ததே 1921இல் வெளிவந்த ஜி.இ.பி. 24. கிச்சிலிச் சம்பா என்று மக்கள் வழங்கிய சன்ன நெல் இதுவே.

இதனைக் கோ 18 ரகத்துடன் இணைத்து, திரூர்க்குப்பம் நிலையத்தார் டி.கே.எம். 6 என்னும் ரகத்தை உருவாக்கினர். அவ்வூரும் அந்நாளில் நம் ஜில்லாவைச் சேர்ந்ததே. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் தன்மை அதற்கு உண்டு. அதனால், பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 20 ரகத்தை உண்டாக்கியபோது, அதன் பெற்றோருள் ஒன்றாக டி.கே.எம். 6 அமைந்தது.

பிறர் கருவியை அப்படியே கொணர்ந்தபோது பயன் குறைந்தது. நம் நிலத்திலேயே ஒப்பிட்டுத் தேர்ந்தபோது பயன் விளைந்தது. இம்முறையை ஒவ்வொரு குடியானவரும் கையாளலாம். புதுப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மணற்பாங்கும் உவரும் வயலுக்கு வயல் மாறுபடும். ஆதலால் வேறோர் ஊரில் விளைந்ததை மட்டும் நம்பி, நிலம் முழுவதும் விதை மாற்றுதல் கூடாது.

ஒரே வயலில், அடுத்தடுத்து ஐந்து சென்ட் வீதம் இரு பாத்திகள் ஒதுக்குக. ஒன்றில் வழக்கமான விதையும் மற்றதில் புதிய விதையும் இடுக. நாற்றின் வயது, நடவு நாள், எரு, தண்ணீர் ஆகியவை இரண்டிற்கும் ஒன்றாக இருக்கட்டும். மதகருகே உள்ள செழிப்பான பாத்தியைப் புதிய விதைக்கு மட்டும் கொடுத்தால் ஒப்பீடு பிழையாகும். அறுவடையில் நெல்லையும் வைக்கோலையும் தனித்தனியே நிறுத்து, செலவுடன் குறித்துக்கொள்க.

ஊரில் மூன்று நான்கு பேர் இவ்வாறு செய்து, கணக்கைக் கிராம சபையில் படிக்கப் பஞ்சாயத்து ஏற்பாடு செய்யலாம். புதிய விதை தோற்றாலும் நட்டம் ஐந்து சென்ட்டோடு நிற்கும். வென்றால் ஊர் முழுவதும் அச்சமின்றி ஏற்கும்.