உண்ண மறுக்கும் மழலையும் உள்ளம் நோகும் தாயும்

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தை வாழும் இல்லங்கள் பலவற்றில் நாள்தோறும் மூன்று வேளை ஒரு சிறு போர் நிகழ்கின்றது. கிண்ணமும் கையுமாகத் தாய் ஒருபுறம். இறுக மூடிய இதழ்களுடன் மழலை மறுபுறம். கெஞ்சல், கொஞ்சல், அச்சுறுத்தல், அழுகை, வாந்தி என்று அப்போர் பல கட்டங்களைக் கடந்து முடிவில் இருவரும் களைத்து ஓய்கின்றனர். இல்லச் சந்திப்புகளின்போதும், ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கோயில் முற்றத்தில் நிற்கும்போதும், "சாமி, பிள்ளை ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேங்குது, ஜெபம் பண்ணுங்க" என்று இளந்தாய்மார் நம்மிடம் வேண்டுவது வழக்கம். செபிப்பது நம் கடன். ஆயினும் அறிந்து செய்யவேண்டிய காரியங்களும் உள. அவற்றை நம் குடும்பங்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இப்பிரச்சினை தனியொரு வடிவம் கொண்டுள்ளது. 1998-ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஏரியும் வயலுமாயிருந்த சிற்றூர்களில் வாடகை வீடுகள் வரிசையாக எழுந்தன. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் இளந்தம்பதியர் வந்து குடியேறினர். பாட்டியும் அத்தையும் சொந்த ஊரிலேயே தங்கிவிட்டனர். கணவன் இரவு ஷிப்டு, மனைவி காலை ஷிப்டு என்றால், குழந்தைக்கு ஒருவேளை தாயும், மறுவேளை தந்தையும், இடையே அடுத்த வீட்டு அக்காவும் உணவூட்டுகின்றனர். மூவர் கையிலும் மூன்று வகைச் சட்டம்! இந்நிலையில் பிள்ளை உண்ணவில்லையென்றால், "நீ வேலைக்குப் போவதால்தான்" என்னும் பழி தாயின் தலைமேல் விழுகின்றது. இது நீதியன்று; உண்மையுமன்று.

பசி குறைவது எப்போதும் நோயன்று

பிறக்கும்போது 3 கிலோ எடையுள்ள குழந்தை முதலாண்டின் முடிவில் ஏறத்தாழ மும்மடங்காகி 9 கிலோ எடையை எய்துகின்றது. இரண்டாம் ஆண்டிலோ 2 முதல் 2.5 கிலோ வரையே கூடுகின்றது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிவது இயற்கை. கைக்குழந்தையாயிருந்தபோது ஆவலுடன் உண்ட பிள்ளை, நடக்கத் தொடங்கியதும் உணவைத் தட்டிவிட்டு ஓடுவதைக் கண்டு தாய் அஞ்சுகிறாள். அக்காலத்தில்தான் 'நான்' என்னும் உணர்வும் குழந்தையிடம் அரும்புகின்றது. புதிய உணவைக் கண்டு ஐயுறுவதும், நேற்று விரும்பியதை இன்று வெறுப்பதும் அப்பருவத்திற்கே உரியவை.

குழந்தையின் வயிறு சிறியது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 10 கிலோ எடையுள்ள குழந்தை ஒரே வேளையில் ஏறக்குறைய 300 மில்லி அளவே கொள்ள இயலும். ஆதலால் பெரியவர்களைப்போல் மூன்று வேளை நிறைய உண்ண அதனால் ஆகாது. முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை மூன்று நான்கு வேளையும், இடையே ஓரிரு சிற்றுண்டியும் என்பதே இப்பருவத்திற்கு உலக நலவாழ்வு நிறுவனம் காட்டும் வழி. இரண்டு வயது வரையிலும், அதற்குமேலும்கூட, தாய்ப்பாலைத் தொடரலாம்.

சிகாகோ நகரில் ஓர் ஆய்வு

குழந்தைக்குத் தன் தேவை தெரியுமா? இவ்வினாவிற்கு விடைகாண 1926-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்னும் பெண் மருத்துவர் ஓர் ஆய்வு நடத்தினார். பால்குடி மறக்கும் பருவத்திலிருந்த 15 குழந்தைகளின் முன் இறைச்சி, முட்டை, தானியம், காய், கனி, பால் எனப் பல எளிய உணவுகளைத் தனித்தனிப் பாத்திரங்களில் வைத்தார். செவிலியர் எதையும் எடுத்து ஊட்டக் கூடாது; வற்புறுத்தவும் கூடாது; குழந்தை கைநீட்டிய உணவை மட்டுமே கரண்டியில் கொடுக்கலாம் என்பது விதி. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாக உண்டது. ஒருநாள் ஒன்றையே தின்று மறுநாள் அதைத் தொடாமலும் விட்டது. ஆயினும் மாதங்கள் கழிந்தபோது எல்லாக் குழந்தைகளும் நன்கு வளர்ந்திருந்தன.

இதைக் கேட்டு, "அப்படியானால் பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுத்துவிடலாமே" என்று எவரும் முடிவுகட்ட வேண்டா. 1939-இல் தம் முடிவுகளைத் தொகுத்துரைத்த டேவிஸ் அம்மையார், இதன் இரகசியம் உணவுப் பட்டியலில்தான் உள்ளது என்பதைத் தெளிவாக்கினார். அக்குழந்தைகளின் முன் சர்க்கரைப் பண்டமோ உப்புப் பொட்டலமோ வைக்கப்படவில்லை. எதைத் தேர்ந்தாலும் நல்லதே என்னும் நிலையைப் பெரியவர்கள் முன்னரே அமைத்துவிட்டனர். அதன்பின்னரே தேர்வு குழந்தையிடம் விடப்பட்டது.

யார் கடமை எது?

இதே உண்மையை எல்லின் சாட்டர் என்னும் அமெரிக்க உணவியல் வல்லுநர் 1980-களில் எளிய விதியாக வகுத்தளித்தார். என்ன உணவு, எந்நேரம், எவ்விடம் என்பதைத் தீர்மானிப்பது பெற்றோரின் கடமை. அதில் எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாவா என்பதைத் தீர்மானிப்பது குழந்தையின் உரிமை. நம் இல்லங்களில் இவ்விரண்டும் தலைகீழாகக் கிடக்கின்றன. என்ன வேண்டும் என்பதைக் குழந்தை தீர்மானிக்கிறது. எவ்வளவு உண்ண வேண்டும் என்பதைத் தாய் தீர்மானிக்கிறாள். சண்டைக்கு வேர் இதுவே.

வற்புறுத்தி ஊட்டுவதால் அன்றைய கிண்ணம் காலியாகலாம். ஆனால் உணவு என்றாலே அச்சம் என்னும் பாடத்தைக் குழந்தை கற்றுக்கொள்ளும். மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பதால் புரையேறி உயிருக்கே ஆபத்து நேரலாம். "இதைத் தின்றால் சாக்லேட் தருவேன்" என்பதும் நன்றன்று. லீன் பிர்ச் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றைப் பருகினால் பரிசு என்று ஆசைகாட்டப்பட்ட சிறார் அதை முன்னிலும் குறைவாகவே விரும்பினர் எனக் கண்டனர். கூலி கொடுத்துத் தின்னச் சொல்லும் பண்டம் சுவையற்றதாகத்தான் இருக்கவேண்டும் என்று பிள்ளை மனம் கணக்கிடுகின்றது போலும்!

மாறாக, 1982-இல் அவரே இரண்டு வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், புதிய உணவை எத்தனை முறை சுவைத்தனரோ அத்தனைக்கு விருப்பமும் வளர்ந்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் முன்னோர் மொழியன்றோ? கீரையை ஒருமுறை துப்பியதும், "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள். விரும்பும் பருப்புச் சோற்றின் ஓரத்தில் ஒரு விரற்கடை அளவு வையுங்கள். தொட்டாலும் தொடாவிட்டாலும் பேசாதிருங்கள். இரண்டு நாள் கழித்து மீண்டும் வையுங்கள். பத்து, பதினைந்து முறையேனும் முயன்றபின் கைவிடுவதைப்பற்றி எண்ணலாம்.

அக்காலத்தில் நிலாவைக் காட்டிச் சோறூட்டினர். இக்காலத்தில் கைப்பேசியைக் காட்டி ஊட்டுகின்றனர். இரண்டும் ஒன்றுதானே என்பார் உளர். நிலாவைக் காட்டிய தாய் பிள்ளையோடு பேசினாள். பிள்ளை அவள் முகத்தையும் கையையும் பார்த்தது. கைப்பேசியைப் பார்க்கும் குழந்தையோ உணவையும் காண்பதில்லை, ஊட்டுபவரையும் காண்பதில்லை. வயிறு நிறைந்ததைக்கூட உணர்வதில்லை.

பாற்புட்டியும் பொட்டலமும்

"பசி ருசி அறியாது" என்பர். பசியே வரவிடாமல் செய்துவிட்டு ருசியைக் குறைகூறுவதில் பயனில்லை. சோறு உண்ணவில்லையே என்று அரைமணி நேரத்தில் ஒரு புட்டிப் பால். அழுகிறதே என்று இரண்டு பிஸ்கட்டு. வெளியே போகும்போது பெட்டிக்கடையில் ஒரு காரப் பொட்டலம். இவற்றிற்குப்பின் அடுத்த வேளை எப்படிப் பசிக்கும்? ஒரு வயது கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மிகாமல் பால் போதும். பால் நல்ல உணவே. ஆயினும் அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலாலேயே வயிற்றை நிரப்பும் குழந்தைக்கு இரத்தசோகை வரும். இரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். இச்சுழலில் அகப்பட்ட பிள்ளைதான் "ஒன்றுமே சாப்பிடாத" பிள்ளையாகத் தோன்றுகிறது. தேநீர், காபி ஆகியவையும் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுப்பவை. மழலைக்கு அவை வேண்டவே வேண்டா.

இது சிறிய கவலையன்று. 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். 5 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 25 பேர் வயதிற்கேற்ற உயரமின்றி உள்ளனர். ஊதியம் வரும் இல்லங்களும் இக்கணக்கிற்குப் புறம்பானவை அல்ல.

சிறு வயிற்றிற்குச் சத்துச் செறிந்த உணவே ஏற்றது. நீர்த்த கஞ்சியும் ரசச் சோறும் வயிற்றை நிரப்புமேயன்றி வலுத் தாரா. குழைந்த சோற்றில் கெட்டிப் பருப்பும், ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்தால், அளவு கூடாமலே ஆற்றல் கூடும். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்த மாவில் காய்ச்சும் கூழ் அதிகம் இறுகுவதில்லை. ஆகவே அதே கிண்ணத்தில் மிகுதியான மாவைச் சேர்க்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமிற்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. முட்டை, முள் நீக்கிய மீன், ஈரல், முருங்கைக்கீரை, பயறு ஆகியவற்றை மாறி மாறிக் கொடுங்கள். உடன் கொய்யாவோ தக்காளியோ சில துளி எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் கீரை, பயறுகளின் இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை முதலியவை தொண்டையில் அடைக்கக் கூடியவை. அரைத்தோ நறுக்கியோ மட்டுமே கொடுக்க வேண்டும்.

ஷிப்டுக்குச் செல்லும் இல்லங்களுக்கு

தொழிற்சாலை நேரம் வாரந்தோறும் மாறலாம். குழந்தையின் உணவு நேரம் மாறலாகாது. காலை, முற்பகல், நண்பகல், மாலை, இரவு என ஐந்து நேரங்களை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். அதன் கீழே நான்கு விதிகள் போதும்: இடையில் தண்ணீர் மட்டும், உண்ணும்போது கைப்பேசி இல்லை, அரைமணி நேரத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும், திட்டக் கூடாது. தாய், தந்தை, அடுத்த வீட்டு அக்கா ஆகிய எவர் ஊட்டினாலும் இத்தாளே சட்டம். நாளில் ஒருவேளையேனும் குடும்பத்தார் எவரேனும் குழந்தையோடு அமர்ந்து உண்ணுங்கள். பெரியவர் உண்பதைப் பார்த்தே பிள்ளை உண்ணக் கற்கிறது. குழந்தை தானே அள்ளிச் சிந்தட்டும். சிந்திய சோற்றைத் துடைப்பது, விட்டுப்போன பசியைத் திரும்பக் கொணர்வதைவிட எளிது.

அரசு அளிக்கும் உதவியையும் நழுவவிடலாகாது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் நம் ஊர்களிலும் உள்ளன. மூன்று வயதிற்குட்பட்டோர்க்குச் சத்துமாவு வீட்டிற்கே தரப்படுகிறது. பலர் அதை வாங்கி மாட்டிற்குக் கரைத்து ஊற்றுவதாகக் கேள்விப்படுகிறோம். வெல்லம் கலந்து உருண்டை பிடித்தோ, தோசையாக வார்த்தோ பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்த அண்டை வீட்டாருக்கு இம்மையங்கள் இருப்பதே தெரிவதில்லை. கைப்பிடித்து அழைத்துச் செல்வது அயலாரன்பின் செயல். மேலும், 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளருள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் அமைய வேண்டுமென்றும், தாய் நாளில் நான்கு முறை அங்கே சென்றுவர அனுமதிக்க வேண்டுமென்றும் விதித்தது. இதைக் கேட்டுப் பெறுவது சலுகையன்று, உரிமை.

எடையே சான்று

உண்ட கவளங்களை எண்ணுவதால் கவலையே வளரும். எண்ண வேண்டியது எடையை. 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு அட்டையிற் குறித்தது. எடையேற்றம் தளர்ந்த குழந்தையை உடனே கண்டறிந்து, அதற்கு மட்டும் சில காலம் துணையுணவு அளித்தது. அவ்வழி இன்றும் நமக்கு ஏற்றதே. அட்டையிலுள்ள கோடு மேல்நோக்கிச் செல்கின்றதா? பிள்ளை ஓடியாடி விளையாடுகின்றதா? அப்படியானால், மெலிந்த உடல்வாகு கண்டு அஞ்சாதீர்கள். அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடவும் வேண்டா.

எடை ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ, உண்ணும்போதெல்லாம் புரையேறினாலோ, ஓயாத வாந்தியோ பேதியோ இருந்தாலோ, கண்ணிமையின் உட்புறம் வெளிறினாலோ, மண், சுவர்க்காரை போன்றவற்றைத் தின்றாலோ தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் செல்லுங்கள். மண் தின்பது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. அதற்கு அடி மருந்தன்று. குடற்புழு நீக்கும் மருந்தையும், வைட்டமின் 'ஏ' திரவத்தையும் உரிய காலத்தில் கொடுத்துவிடுங்கள். பசியைத் தூண்டும் டானிக்குகளைக் கடையில் நீங்களே கேட்டு வாங்க வேண்டா.

இறுதியாகத் தந்தையர்க்கும் மாமியர்க்கும் ஒரு சொல். உணவு வேளையில் குழந்தையின் எதிரே அதன் தாயைக் குறைகூறாதீர்கள். எட்டு மணி நேரம் நின்று உழைத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் இறங்கி வருபவள் அவள். அக்கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ முதலில் சாப்பிடு; பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கூறுங்கள். அமைதியுள்ள வீட்டில் பிள்ளைக்குப் பசி தானே வரும்.