பஞ்சும் பாட்டும்

அமெரிக்க நாட்டில் நெடும்பயணம் செய்வோர் விரும்பும் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில், கைப்பிடிக்கு முன்னே வௌவாலின் விரித்த சிறகு போன்ற காற்றுத்தடுப்புக் கூடு ஒன்று உண்டு. அதனுள் ஒலிபெருக்கிகள் அமைந்திருக்கும். ஒலி நயம் போதாதென்று கருதும் ஓட்டுநர் சிலர், தலையணைக்குள் திணிக்கும் பாலியெஸ்டர் பஞ்சை அவற்றின் பின்னே அடைத்துவிடுகின்றனர். ஒலி திருந்தியது என்றும் மகிழ்கின்றனர். பஞ்சு ஒலியை அடக்குமேயன்றி எங்ஙனம் சிறப்பிக்கும்? மாணவ நண்பர்களே, இதற்கு விடை காண நாம் நியூட்டன் காலத்துக்குச் செல்லவேண்டும்.

1687-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் நியூட்டன், காற்றில் ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். விடை உண்மையைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைந்துவிட்டது. காரணத்தை 1816-இல் லாப்லாஸ் விளக்கினார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். விரைந்து அமுக்கப்படும் காற்று சூடேறுகிறது; சூடேறிய காற்று இன்னும் வலிமையோடு எதிர்த்துத் தள்ளுகிறது. சூடேறாதிருந்தால் உள்ள விறைப்பைப்போல் அது 1.4 மடங்கு விறைப்புக் கொள்கிறது. நியூட்டன் கணக்கில் இச்சூடு இடம்பெறவில்லை.

இனி ஒலிபெருக்கிக்கு வருவோம். அதன் கூம்பு முன்னும் பின்னும் அதிரும்போது, மூடிய பெட்டிக்குள் உள்ள காற்று ஒரு சுருள்வில்லாக நின்று அதைத் தடுக்கிறது. பெட்டி சிறிதானால் வில் விறைத்து, தாழ்ந்த ஒலிகள் குன்றும். அங்கே மெல்லிய இழைகளைப் பரப்பினால், அமுங்கிய காற்றின் சூட்டை அவை வாங்கிக்கொள்கின்றன. காற்று விரியும்போது திருப்பித் தருகின்றன. வில் நெகிழ்கிறது. பஞ்சு அடைத்த பெட்டி, காற்றைப் பொறுத்தவரை, பெரிய பெட்டியாகிவிடுகிறது! கொள்கையளவில் 40 விழுக்காடு பெருகலாம். நடைமுறையில் அதில் ஒரு பகுதியே கிட்டும். எட்கர் வில்ச்சர் 1954-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி, காற்றையே வில்லாகக் கொண்டது. அதனுள் கண்ணாடி இழை நிரப்பப்பட்டிருந்தது.

ஆனால் மோட்டார் சைக்கிளின் கூடு எல்லா இடத்திலும் மூடியதன்று. இடுக்கு வழியே பின்னலை வெளியேறி முன்னலையோடு கலந்தால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இடுக்கை அடைக்காமல் பஞ்சை மட்டும் திணிப்போர், கூட்டின் சுவர்களில் மோதித் திரும்பும் இடை ஒலிகளின் குழப்பம் தணிவதையே பெரும்பாலும் கேட்கின்றனர் என்பது என் எண்ணம். அதுவும் சிறு பயனன்று.

பருத்திப் பஞ்சு மழைநீரை உறிஞ்சும். பாலியெஸ்டர் இழை அங்ஙனம் உறிஞ்சாது. ஆயினும் சூடேறும் பகுதிகளை அது நெருங்கலாகாது. கூம்பைத் தொடவும் கூடாது. இறுகத் திணித்தால் இழையே காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஒன்றைப் பஞ்சினால் செய்ய இயலாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், தலைக்கவசத்துக்குள் காற்றிரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவதுண்டு. அதை வெல்லும் அளவுக்குப் பாட்டைக் கூட்டினால், துன்புறுவது செவிதான். நெடுவழியில் செல்வோர் பலர் காதடைப்பான் அணிவது இதனாலேயே.