சூடாறாப் பெட்டி

மூணாறில் விடிகிற நேரம். கொழுந்து எடுக்கப் போகும் பெண்ணுக்கு அவசரம். சோறு வேகும்வரை அடுப்படியில் நிற்க நேரமில்லை. விறகும் குறைவு. விறகு பொறுக்கக் காட்டுக்குப் போனால் யானை பயம். என்ன செய்வது?

சூடாறாப் பெட்டி இதற்கு உதவும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் இதை வீடுகளில் பரப்பியது. இது ஒரு மக்கள் அறிவியல் இயக்கம். பாலக்காடு மாவட்டம் முண்டூரில் இதன் கிராமத் தொழில்நுட்ப மையம் 1987 முதல் இருக்கிறது.

பெட்டிக்குள் தெர்மோகோல் இருக்கும். அது சூட்டை வெளியே விடாது. அரிசியை 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க விட வேண்டும். பாத்திரத்தை மூடியபடியே பெட்டிக்குள் வைத்து, பெட்டியையும் மூட வேண்டும். அரிசிக்குத் தகுந்தபடி 1 அல்லது 2 மணி நேரத்தில் சோறு வெந்துவிடும். அதற்குள் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பலாம். விறகு மிச்சம். புகை குறைவு. சோறு அடிப்பிடிக்காது.

கவனம் தேவை. இடையில் திறந்தால் சூடு போய்விடும், அரிசி வேகாது. கொஞ்சமாக வைத்தாலும் சீக்கிரம் ஆறிவிடும். பாத்திரம் நிறைய வைக்க வேண்டும். வெந்த சோற்றைச் சூட்டோடு சாப்பிட வேண்டும். வெதுவெதுப்பாக நாள் முழுவதும் கிடந்தால் கிருமி பெருகும். வயிற்றுப்போக்கு வரும்.

அடுப்பை அணைத்த பிறகும் சூடு வேலை செய்யும். அதை வீணாக்கலாமா?