காற்றின் மேல் உட்காரும் கார்

சாலையும் சக்கரமும் – 17

திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் ஒரு கார் தொழிற்சாலை இருக்கிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து 1998இல் லான்சர் காரைக் கொண்டுவந்தது அங்கிருந்துதான். பிறகு பஜேரோ வந்தது, அதற்குப் பிறகு சில ஆண்டுகள் இசுசு வண்டிகள். இப்போது அங்கே உருவாவது பிரான்ஸின் சிட்ரோயன். இரும்பு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, வாயுவின் மேல் காரை உட்கார வைக்கலாம் என்று உலகத்துக்கே காட்டிய கம்பெனி அது. ஆனால் திருவள்ளூருக்கு அது கொண்டுவந்த முதல் கார் இரும்பு ஸ்பிரிங்கின் மேல்தான் நிற்கிறது. போன வாரம் ஷாக் அப்சார்பரைப் பார்த்தோம். இந்த வாரம் ஏர் சஸ்பென்ஷன். அதன் நல்லது கெட்டதெல்லாம் அந்த ஒரு முடிவுக்குள் அடங்கியிருக்கிறது.

நம்மில் பெரும்பாலோருக்கு ஏர் சஸ்பென்ஷன் அறிமுகமானது ஆம்னி பஸ்ஸில். ‘ஏர் பஸ்’ என்று டிக்கெட் விற்கும் இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். பட்டை ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில் தடித்த ரப்பர் பெல்லோஸ், அதற்குள் அழுத்தப்பட்ட காற்று. ஆள் ஏற ஏற, உயரத்தைக் கவனிக்கும் வால்வு திறந்து இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே விடும். இறங்கினால் வெளியே விட்டுவிடும். காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் பஸ் ஒரே உயரத்தில் நிற்கும்.

உயரத்தைவிட முக்கியமானது ஆட்டம். ஒரு வண்டியின் உடல் நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கினால் அது நமக்குச் சுகமாக இருக்கும். இரும்பு ஸ்பிரிங்கின் விறைப்பை ஒரே ஓர் எடைக்குத்தான் பொருத்தமாக வைக்க முடியும். முழுப் பாரத்துக்கு ஏற்றதாக வைத்தால், காலியாக ஓடும்போது வண்டி உதறும். காலி வண்டிக்கு ஏற்றதாக வைத்தால், பாரம் ஏறியதும் பின்புறம் தொங்கிவிடும். காற்றுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. எடை கூடும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது, அழுத்தம் கூடினால் விறைப்பும் கூடுகிறது. ஆட்டத்தின் வேகம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. வந்தே பாரத் ரயில் பெட்டியின் அடியிலும் காற்று ஸ்பிரிங் இருப்பது இதனால்தான்.

இனி காருக்கு வருவோம். பஸ்ஸில் காலிக்கும் நெரிசலுக்கும் இடையே பல டன் வித்தியாசம். காரில் ஐந்து பேரும் பெட்டிகளும் சேர்ந்தால் 400, 450 கிலோ. அந்த வித்தியாசத்தைத் தாங்க நல்ல காயில் ஸ்பிரிங்கே போதும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பஸ்ஸில் ஏர் பிரேக்குக்காக இன்ஜினோடு ஓடும் கம்ப்ரஸரும் காற்றுத் தொட்டியும் ஏற்கெனவே இருக்கின்றன, சஸ்பென்ஷன் அதிலிருந்தே காற்றை எடுத்துக்கொள்கிறது. காரில் அப்படி எதுவும் கிடையாது. இதற்கென்றே மின்சாரத்தில் ஓடும் சின்ன கம்ப்ரஸர், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர், வால்வு தொகுதி, சக்கரந்தோறும் உயர சென்சார், இவற்றை ஆளும் கணினி என்று ஒரு தனிக் குடித்தனமே நடத்த வேண்டும்.

அப்படியானால் ஏன் கார்களில் வைக்கிறார்கள்? காரணங்கள் உண்மையானவை. செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் கார்களைப் பூட்டிவரும் பிஎம்டபிள்யூ, தன் 7 சீரிஸிலும் எக்ஸ்7லும் ஏர் சஸ்பென்ஷன் தருகிறது. வேகமாகப் போகும்போது கார் தானே சற்றுத் தாழும். காற்றின் எதிர்ப்பு குறையும், திருப்பத்தில் பிடிப்பு கூடும். பேட்டரியின் ஒவ்வொரு கிலோமீட்டரையும் கணக்குப் பார்க்கும் மின்சார கார்களுக்கு இது பெரிய லாபம். நம் ஊர் வேகத்தடையைக் கண்டால் ஒரு பொத்தானை அழுத்தி உயர்த்திக்கொள்ளலாம். பின்னால் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காது. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் ஏறுவதற்குக் காரைத் தாழ்த்திக் கொடுக்கலாம். இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இதன் வரலாறு எச்சரிக்கை நிறைந்தது. அமெரிக்காவில் 1957இல் காடிலாக்கின் எல்டொராடோ ப்ரோமில் காற்று சஸ்பென்ஷன் வந்தது. 1958இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன் மற்ற பிராண்டுகளுக்கும் விரித்தது. காற்று கசிந்தது, குழாய்க்குள் ஈரம் புகுந்தது. ராத்திரி நிமிர்ந்து நின்ற கார் காலையில் தரையோடு படுத்துக் கிடந்தது. வாங்கியவர்களில் பலர் அதைக் கழற்றிவிட்டு இரும்பு ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே திட்டம் கைவிடப்பட்டது. எலெக்ட்ரானிக்ஸ் துணையோடு 1984இல் லிங்கனிலும், 1992இல் ரேஞ்ச் ரோவரிலும், 1998இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸிலும் அது மறுபிறவி எடுத்தது.

சிட்ரோயன் போன வழி வேறு. பால் மாஜெஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய முறையில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இரும்புக் கோளம். அதற்குள் அடைத்த நைட்ரஜன் ஸ்பிரிங்காக வேலை செய்யும், எண்ணெய் அதை அழுத்தும், உயரத்தையும் எண்ணெயே சரிசெய்யும். 1955 பாரிஸ் கார் கண்காட்சியில் அறிமுகமான டிஎஸ் கார் இப்படித்தான் ஓடியது. 1962இல் பிரெஞ்சு அதிபர் டி கோல் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, டயர் வெடித்த பிறகும் அவருடைய டிஎஸ் நிலைதடுமாறாமல் அவரை வெளியே கொண்டுவந்து சேர்த்தது. உயரத்தைச் சமன்செய்யும் முறைக்காக ரோல்ஸ் ராய்ஸே சிட்ரோயனிடம் உரிமம் வாங்கியது. அந்த டிஎஸ்ஸுக்கும் ஈரம்தான் எதிரி. தொடக்கத்தில் ஊற்றிய சிவப்பு எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்பாகங்களை அரித்ததால், 1960களின் நடுவில் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாற வேண்டியிருந்தது.

இங்கே திருவள்ளூர் மாவட்டத்துக்கு மட்டுமே உரிய ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். டிஎஸ் உருவான காலத்தில் சிட்ரோயனின் முதலாளி மிச்செலின் டயர் கம்பெனி. அந்த மிச்செலினின் தொழிற்சாலை இன்று கும்மிடிப்பூண்டி வட்டத்தில், தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் இருக்கிறது. பழைய முதலாளியும் பழைய பிள்ளையும் ஒரே மாவட்டத்தில் தனித்தனியே தொழில் செய்கிறார்கள். மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் தயாரிக்கும் சுரங்க டிரக்குகளின் சஸ்பென்ஷனிலும் நைட்ரஜனும் எண்ணெயும்தான். காலியாகப் போய், தன் எடையைவிட அதிகமான பாறையைச் சுமந்து திரும்பும் வண்டிக்கு வாயு இல்லாமல் முடியாது.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் கோளங்களோடு வாழ்ந்த சிட்ரோயன், 2017இல் பழைய சி5 காரோடு அதை நிறுத்திவிட்டது. 2021 ஏப்ரலில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த, அதிகத்தூரில் பூட்டப்பட்ட சி5 ஏர்கிராஸில் இருப்பது சாதாரண காயில் ஸ்பிரிங். கூடவே ஷாக் அப்சார்பரின் இரு முனைகளிலும் சின்ன ஹைட்ராலிக் தடுப்புகள். பெரிய பள்ளத்தில் சக்கரம் விழும்போது, வழக்கமான ரப்பர் தடுப்பு அடியை வாங்கி, அதில் ஒரு பங்கைத் திருப்பி உதைக்கும். இந்த எண்ணெய்த் தடுப்பு அடியை உள்ளேயே தணித்துவிடும். கம்ப்ரஸர் கிடையாது, சென்சார் கிடையாது, கசியக் காற்றும் கிடையாது. சுகத்தில் பெரும் பங்கு, செலவில் சிறு பங்கு. இது பின்வாங்கல் என்று சிலர் சொல்வார்கள். என் கணக்கில் இது அனுபவம் தந்த தெளிவு.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, எண்ணூர் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் உறிஞ்சுவது நம் ஊர்க் காற்றை. கடலோர ஈரம், உப்பு, தொழிற்பேட்டைத் தூசி எல்லாம் அதில் இருக்கும். ட்ரையர் களைத்துப்போனால் ஈரம் வால்வுக்குள் போகும். வெயிலிலும் ஓசோனிலும் ரப்பர் வெடிப்பு விடும். பெல்லோஸில் ஊசிமுனை அளவு கசிவு வந்தால், இழப்பை ஈடுகட்ட கம்ப்ரஸர் அடிக்கடி ஓடி, சூடாகி, அதுவும் போய்விடும். ஒரு கோளாறைக் கவனிக்காமல் விட்டதற்கு இரண்டு பாகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். உயர்ரகக் கார்களில் ஒரு சக்கரத்துக்கான யூனிட்டே லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்தது போன்ற வெள்ளத்தில் நின்ற கார் என்றால், அடியில் இருக்கும் கம்ப்ரஸரையும் சென்சார் இணைப்புகளையும் சோதிக்காமல் ஓட்டவே கூடாது.

கன்டெய்னர் லாரிகள் உடைத்துப்போட்ட சாலையில் ஏர் சஸ்பென்ஷன் காப்பாற்றும் என்பதும் பாதி உண்மைதான். கூர்மையான விளிம்புள்ள பள்ளத்தின் அடியை முதலில் வாங்குவது டயர். இந்தக் கார்களில் 20, 21 அங்குலச் சக்கரமும் மெல்லிய டயரும் போட்டுவிடுகிறார்கள், அங்கேயே பாதிச் சுகம் போய்விடுகிறது. முழுதாக உயர்த்தி ஓட்டினால், சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம் குறைந்து கார் இன்னும் தடதடக்கும்.

வெளிக்கடையில் கிட் வாங்கி, சாதாரணக் காருக்கு ஏர் சஸ்பென்ஷன் பொருத்தும் இளைஞர்களிடம் நேரடியாகச் சொல்கிறேன்: வேண்டாம். தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. விபத்து நடந்தால் காப்பீட்டுக் கம்பெனி கேட்கும் கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்காது.

புதுக் கார், கம்பெனி பொருத்தியது, நீட்டித்த வாரண்டி இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். 30 லட்சத்துக்குள் கார் தேடுபவர் ஏர் சஸ்பென்ஷன் இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. நல்ல ஷாக் அப்சார்பரும் சற்றுத் தடித்த டயரும் நம் சாலைக்குப் போதும். பழைய சொகுசுக் காரை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கப் போகிறவர்கள், பேரம் பேசுவதற்கு முன் ஒரு ராத்திரி அதைச் சமதரையில் நிறுத்திவையுங்கள். நான்கு சக்கரத்துக்கும் மேலே ஃபெண்டர் வரையிலான இடைவெளியை அளந்து குறித்துக்கொண்டு, காலையில் இன்ஜினைப் போடுவதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்தக் காரை எடுக்காதீர்கள்.

(தொடரும்)