சின்ன ஆம்ப்ளிபயர் பெரிய ஸ்பீக்கரை எரிக்குமா?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் நேரம். ஸ்டீரியோவில் நாதசுரம் முழங்கிக்கொண்டு இருந்தது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வைடா" என்றார் தாத்தா.

பேரன் குமிழைத் திருகினான். கரகர என்று ஒரு சத்தம். அதன் பிறகு தவில் மட்டும் கேட்டது. தாளத்தின் கணீர் ஓசையைக் காணோம். நாதசுரமும் மங்கிவிட்டது.

அது 100 வாட்ஸ் தாங்கும் ஸ்பீக்கர். ஆம்ப்ளிபயரோ 20 வாட்ஸ்தான். "சின்ன ஆம்ப்ளிபயர் எப்படி ஸ்பீக்கரை எரிக்கும்?" என்று எல்லோருக்கும் திகைப்பு.

எரிக்கும்!

ஆம்ப்ளிபயரைத் தன் சக்திக்கு மேல் உழைக்க வைத்தால், ஒலி அலையின் மேடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்போது கீச்சு ஒலிகள் அதிகமாகப் பிறக்கும். அவை பெட்டியில் உள்ள 'ட்வீட்டர்' என்ற சின்ன ஸ்பீக்கருக்குப் போகும். அதன் கம்பிச் சுருள் மிக மெல்லியது. சூடு தாங்காமல் கருகிவிடும்.

ஆகவே ஆம்ப்ளிபயரில் கொஞ்சம் சக்தி மிச்சம் இருக்கவேண்டும். கரகரத்தால் உடனே குமிழைக் குறைக்கவேண்டும்.

எத்தனை வாட்ஸ்?

50 வாட்ஸுக்குப் பதில் 100 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகுமா? ஆகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற, சுமார் 10 மடங்கு சக்தி வேண்டும்!

பணத்தைக் கொட்டுவதற்கு முன் ஸ்பீக்கரின் குறிப்பைப் பாருங்கள். "87 டெசிபல்" என்பதுபோலப் போட்டிருக்கும். 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தூரத்தில் அளந்த சத்தம் அது. 90 டெசிபல் ஸ்பீக்கர் அதே சத்தத்தைப் பாதி சக்தியில் தரும்.

1930-களில் பேசும்படக் கொட்டகைகளில் இருந்த பல ஆம்ப்ளிபயர்களுக்குச் சில வாட்ஸ் சக்திதான். ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது. பெரிய கூம்பு ஸ்பீக்கர்கள் செய்த வேலை அது. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சரும் ஹென்றி கிளாஸும் காற்றுப் புகாத சிறு பெட்டியில் ஆழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார்கள். அதற்கு அதிக சக்தி தேவைப்பட்டது. பெட்டி சிறுத்தது, ஆம்ப்ளிபயர் பெருத்தது!

ஓம் கணக்கு

ஸ்பீக்கரின் பின்னால் 4, 6, 8 ஓம் என்று எழுதியிருக்கும். ஓம் குறைந்தால் ஆம்ப்ளிபயருக்குப் பாரம் கூடும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே முனையில் பக்கவாட்டில் இணைத்தால் 4 ஓம் ஆகிவிடும். அதைத் தாங்கும் என்று ஆம்ப்ளிபயரில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கொதித்துப் போகும்.

வால்வு ஆம்ப்ளிபயர் வைத்திருப்பவர்கள் 4 ஓம் ஸ்பீக்கரை 4 ஓம் முனையிலும், 8 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் முனையிலும் மாட்டவேண்டும். ஸ்பீக்கர் மாட்டாமல் அதை ஓட்டவே கூடாது. அதன் டிரான்ஸ்பார்மர் கெட்டுவிடும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயருக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் ஒயர்கள் ஒன்றோடு ஒன்று உரசக்கூடாது.

சில பெட்டிகளில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருப்பார்கள். மயங்காதீர்கள். 'ஆர்.எம்.எஸ்.' எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் மாறினால் வேறு கடைக்குப் போங்கள்.

அந்த வீட்டில் ட்வீட்டரை மட்டும் மாற்றினார்கள். ஆம்ப்ளிபயரும் 80 வாட்ஸில் வந்தது. கல்யாணத்தன்று தாத்தாவைக் குமிழ் பக்கம் யாரும் உட்கார விடவில்லை!