ஒரு பொத்தான், ஒரு விளக்கு, ஒரு பெட்டி

வானொலி நிலையத்தில் எனக்கு மேலதிகாரி ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் ஒலிவாங்கி திறந்திருக்கிறது என்று பொருள். இருமக்கூட முடியாது. இருமல் வந்தே தீரும் என்றால் மேசையில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை என் குரல் நேயர்களுக்குப் போகாது. பத்து ஆண்டுகளாக அதைப் பார்க்காமலேயே அழுத்துகிறேன். ஒருநாளும் அது ஏமாற்றியதில்லை. அதை யார், எப்படிப் பொருத்தினார்கள் என்று நான் யோசித்ததும் இல்லை.

அப்பாவுக்காக ஒரு பெட்டி செய்யவேண்டி வந்தபோதுதான் யோசித்தேன்.

சென்ற ஆண்டு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை பலவீனமானது, பேச்சும் தெளிவில்லை. இரவில் எங்களை அழைக்க, கடையில் விற்கும் கம்பியில்லா அழைப்பு மணியை வாங்கினோம். அதன் பொத்தான் மிகச் சிறியது; விரல் வழுக்கியது. அழுத்தினாலும் எங்களுக்குக் கேட்டதா என்பது அவருக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப அழுத்துவார். பிறகு சலித்துப்போய் விட்டுவிடுவார்.

நானே செய்கிறேன் என்று கிளம்பினேன். ஊடகப் படிப்பு படித்தவள் நான், ட்ரில் பிடித்தவள் அல்ல. ஆனால் சுற்று எளிது. அப்பா அழுத்தினால் என் அறையில் பஸ்ஸர் ஒலிக்கும். நான் பதிலுக்கு அழுத்தினால் அவர் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். ‘கேட்டுவிட்டது, வருகிறேன்’ என்று பொருள். எல்லாம் 5 வோல்ட் யுஎஸ்பி மின்னூட்டியில் ஓடுவது. (230 வோல்ட் வீட்டு மின்சாரத்தோடு இந்த விளையாட்டு வேண்டாம்.) ஒரே மாலையில் வேலை செய்துவிட்டது. பெட்டியில் பொருத்துவது மட்டும்தான் பாக்கி என்று நினைத்தேன்.

உள்ளே விழுந்த பொத்தான்

கத்தரிக்கோல் முனையால் பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டேன். ஓட்டை பெரிதாகிவிட்டது. சூடான பசையை ஊற்றிப் பொத்தானை ஒட்டினேன். விளக்கையும் அப்படியே. இரவில் அந்த விளக்கு கண்ணைக் கூசவைத்ததால் அம்மா அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார்.

மூன்றாம் வாரம், ஒரு நள்ளிரவில், அப்பா அழுத்தியபோது பசை விட்டுப் பொத்தான் பெட்டிக்குள்ளேயே விழுந்தது. மணி அடிக்கவில்லை. அவர் தாமாகவே எழுந்து கழிவறைக்குப் போக முயன்று விழுந்தார். எலும்பு முறிவு இல்லை. நெற்றியில் காயம் மட்டும். ‘மட்டும்’ என்று எழுத எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அப்பாவின் பாடம்

அப்பா முப்பது ஆண்டுகள் கப்பல் பட்டறையில் மின் பராமரிப்பு வேலை பார்த்தவர். உடைந்த பெட்டியை இடது கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காகிதம் கேட்டு, கோணல் எழுத்தில் எழுதினார்: “முதலில் வாங்கு. பிறகு துளை போடு.”

ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவருக்குப் போனேன். கடை அங்கிள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, பெட்டியின் சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்பது. பொத்தானின் மரை அந்தச் சுவரைத் தாண்டி வெளியே வந்தால்தான் பின்னாலிருந்து நட்டு போட்டு இறுக்க முடியும். தொழிற்சாலைப் பலகைகளில் இருக்கும் பொத்தான்கள் பெரும்பாலும் 22 மி.மீ. துளைக்கானவை. அப்பாவின் கைக்கு, விளையாட்டு இயந்திரங்களில் வரும் 30 மி.மீ. பொத்தானை எடுத்தேன். அகலமானது, மெதுவாகத் தொட்டாலே அழுந்தும். சிவப்பு வேண்டாம் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். இயந்திரத்தில் சிவப்பு என்றால் நிறுத்து என்று பொருளாம். மஞ்சள் வாங்கினேன்.

வீட்டில் பாடம் தொடர்ந்தது. காகிதத்தில் வட்டங்கள் வெட்டச் சொன்னார். பொத்தானின் அளவில் அல்ல, பின்னால் வரும் நட்டின் அளவில். அதுதான் அதிக இடம் பிடிக்கும். வட்டங்களைப் பெட்டியின்மேல் நகர்த்தி, தம் இடது கை இயல்பாக எங்கே விழுகிறதோ அங்கே நிறுத்தினார். உள்ளே பொத்தானின் வால் சுற்றுப்பலகையில் இடிக்காதா என்றும் அளக்க வைத்தார்.

பிறகு பெட்டியின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் குறுக்குக் கோடு போட்டேன். கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஆணி முனையால் ஒரு சிறு குழி. குழி இல்லாவிட்டால் ட்ரில் முனை வழுக்கிக்கொண்டு போகும். பெட்டியைக் கையால் பிடிக்காமல், கீழே மரத்துண்டு வைத்துக் கிளாம்பால் இறுக்கினேன். கண்ணாடி அணிந்துகொண்டு முதலில் 3 மி.மீ. துளை. அதை அகலமாக்க, படிப்படியாகப் பெரிதாகும் கூம்பு ட்ரில் பிட். சாதாரணப் பெரிய பிட் மெல்லிய பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுத்து விரிசல் விடும். எந்தப் படியில் நிறுத்த வேண்டுமோ, அதற்கு மேலே பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைக்கச் சொன்னார். வேகம் குறைவாக, அழுத்தாமல். துளை சிறிதானால் அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம். பெரிதானால் பெட்டியே போச்சு.

விளக்குக்கும் உலோகத் தாங்கி வாங்கியிருந்தேன். கம்பிகளைப் பற்றவைத்து முடித்த பிறகு பார்த்தால், அதன் நட்டு மேசைமேல் கிடக்கிறது. நட்டைக் கம்பியில் கோத்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். எல்லாவற்றையும் கழற்றினேன். அப்பா சத்தமாகச் சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

கூசும் விளக்குக்கும் மருந்து இருந்தது. 330 ஓம் மின்தடையை எடுத்துவிட்டு 2,200 ஓம் போட்டேன். மின்னோட்டம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறைந்தது. இருட்டு அறையில் அந்த வெளிச்சமே போதும். பிளாஸ்டருக்கு வேலை இல்லை.

அழகுக்காகத்தான் நேர்த்தி என்று நினைத்திருந்தேன். நேராக உட்காராத பொத்தானை அவசரத்தில் யாரும் நம்பி அழுத்தமாட்டார்கள் என்பதை அப்பாவின் நெற்றித் தழும்பு எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

புதுப் பெட்டி வைத்த முதல் இரவு, இரண்டரை மணிக்குப் பஸ்ஸர் ஒலித்தது. பதில் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்தேன். மீண்டும் ஒலிக்கிறதா என்று நடந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டேன். ஒலிக்கவில்லை. அறைக்குள் போனபோது பச்சை விளக்கைப் பார்த்தபடி அப்பா அமைதியாகப் படுத்திருந்தார்.

ஒரே ஒரு முறைதான் அழுத்தியிருந்தார்.