முல்லைத்தீவில் கடை திறக்குமுன்

வன்னியில் கிளை திறக்க வேண்டும், பூர்வீக ஊருக்கே திரும்பி வியாபாரம் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் நம் வர்த்தகர்கள் பலரிடம் உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்படும் வரை நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, ஹிஜ்ராபுரம் பகுதிகளில் எமது மக்கள் வயலோடும் வியாபாரத்தோடும் வாழ்ந்தவர்கள். ஆனால் பழைய நினைவை வைத்து இன்றைய சந்தையைக் கணக்கிட முடியாது.

முதலில் சனத்தொகை. 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர் இருந்தனர். 2024இல் அது 1 இலட்சத்து 22 ஆயிரத்தைத் தாண்டியது. ஆயினும் நாட்டில் மிகக் குறைந்த சனத்தொகை கொண்ட மாவட்டம் இதுவே. முல்லைத்தீவு, துணுக்காய் என்ற இரண்டு கல்வி வலயங்களுக்குள் மாவட்டமே அடங்கிவிடுகிறது.

அடுத்தது கையிருப்பு. 2019இல் எடுக்கப்பட்ட வீட்டு வருமான செலவின ஆய்வில் தேசிய வறுமை விகிதம் 14.3 சதவீதம்; முல்லைத்தீவில் 44.5 சதவீதம். நாட்டிலேயே அதுதான் மிக உயர்ந்தது. யுத்தத்தில் கணவனை இழந்து, குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்தும் பெண்களும் இங்கு அதிகம்.

இங்கு பணம் மாதாமாதம் வருவதில்லை. காலபோக நெல் அறுவடையாகிப் பெப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் விவசாயி கையில் காசு புழங்கும். முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களில் நீர் இருந்தால் சிறுபோகமும் உண்டு. மேட்டு நிலத்தில் கச்சான். கொக்கிளாய், நாயாறு கரைகளில் மீன்பிடி. அங்கு கடல் அனுமதிக்கும் நாளில் மட்டுமே வருமானம்.

வழமையாகப் பாடசாலை ஆண்டு தொடங்குவது ஜனவரியில். சப்பாத்து, புத்தகப்பை, கொப்பி எல்லாம் தேவைப்படும் அந்த வேளையில் விவசாயியின் பணம் முழுவதும் வயலில் கிடக்கும். இந்த இடைவெளியில்தான் வட்டிக் கடன் வீட்டுக்குள் நுழைகிறது. நுண்கடன் சுமை எல்லை மீறியதால், 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது.

நமது வர்த்தகர்களுக்கான வாய்ப்பும் பொறுப்பும் இங்கேதான் இருக்கின்றன. ஜனவரியில் பொருளைக் கொடுத்து, அறுவடைக்குப் பின் பணம் பெறும் தவணை விற்பனை செய்யலாம். விலையை முதலிலேயே பேசித் தீர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். தாமதமானால் அதைக் கூட்டக் கூடாது. சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுப்பது மார்க்கம் காட்டிய வழி. வெள்ளமோ வரட்சியோ வந்தால் வசூல் அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போகும். எனவே முழு முதலையும் கடனில் விடாமல், ஒரு போகம் தாங்கக்கூடிய அளவுக்கே கடன் கொடுங்கள்.

பெரிய கடை, விலை கூடிய சரக்கு என்று தொடங்க வேண்டாம். சிறிய பொதி, நாளாந்தத் தேவை, நியாய விலை ஆகியவற்றோடு தொடங்குங்கள். சிறிய ஊரில் நல்ல பெயரும் கெட்ட பெயரும் ஒரே வேகத்தில்தான் பரவும். நாணயமாக நடப்பவருக்கு இன்ஷா அல்லாஹ் இந்தச் சந்தை நிலைத்து நிற்கும்.